காமாட்சியை ஆங்கிலத்தில் எழுதிய கதை

எங்கள் மொழிபெயர்ப்பாளர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று நிரோஷா போன் எடுத்தாள். நான் வேலையில் இருந்த கடைசிச் சில வருடங்களில் என்னோடு வேலை செய்தவள், இப்போது சங்கத்தின் செயலாளர். "மிஸ், ஒரே மாதிரி இருக்கிற இங்கிலிஷ் சொல்லுங்களுக்கு என்ன வித்தியாசம்னு ஒரு லிஸ்ட் போட்டுத் தாங்க. புதுசா வர்றவங்க எல்லாம் போன்ல தட்டிப் பாத்து, முதல்ல வர்ற சொல்ல அப்படியே எழுதிடுறாங்க" என்றாள்.

பட்டியல் வேண்டுமென்றால் அகராதி இருக்கிறது. அதை வாங்கக் காசில்லாதவர்களுக்கு அதே போனில் இலவசமாகவும் இருக்கிறது. போன் மீது எனக்குக் கோபம் ஒன்றும் கிடையாது. நானே அதை வைத்துத்தான் கொரிய நாடகம் பார்க்கிறேன். ஆனால் பட்டியல் போட உட்கார்ந்தால் எனக்கு வேலை ஓடவில்லை. எந்தச் சொல்லும் எனக்குத் தனியாக நினைவுக்கு வருவதில்லை. ஒவ்வொன்றோடும் ஓர் ஆள் கூடவே வந்து மேசைக்கு முன்னால் உட்கார்ந்துகொள்கிறார். அதனால் ஆட்களைப் பற்றியே எழுதுகிறேன். நிரோஷா திட்டினால் திட்டட்டும்.

நான் கண்டிக்குப் பக்கத்து அம்பிட்டியக்காரி. அப்பா தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்துவிட்டு டவுனுக்கு இறங்கியவர். ஞாயிறு பூசைக்குப் போவதைப் போல ஆங்கிலமும் கட்டாயம் என்று நினைத்தவர். கன்னியாஸ்திரிகளின் பள்ளியில் படித்தேன், தட்டச்சுப் பழகினேன், கண்டி டவுனில் ஹனிபா சேரின் மொழிபெயர்ப்புக் கந்தோரில் தட்டச்சுக்காரியாகச் சேர்ந்தேன். பிறகு பரீட்சை எழுதி, மொழிபெயர்ப்பாளராகச் சத்தியப்பிரமாணம் செய்து, என் பெயரில் முத்திரை வாங்கினேன். பயிற்சிக் காலத்தைப் பற்றி இதற்கு மேல் எழுதினால் எனக்கே தூக்கம் வந்துவிடும்.

கந்தோர் ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் இருந்தது. இரண்டு மேசை, சில கதிரைகள், அகராதிகள் அடைத்த ஓர் அலுமாரி. சேர் அக்குறணையில் இருந்து தினமும் பஸ்ஸில் வருவார். அவருடைய அண்ணன்மார் எல்லோரும் அங்கே ஜவுளி வியாபாரம். "நானாமார் துணி அளக்குறாங்க, நான் சொல் அளக்குறன். நட்டம் எனக்குத்தான்" என்று சிரிப்பார். வந்ததும் ஒரு பிளேன்டீயும் கித்துள் கருப்பட்டித் துண்டும் வேண்டும். அது உள்ளே போகும்வரை அவர் மேசையில் யாரும் கடதாசி வைக்கக் கூடாது.

அவருடைய வேலை முறையை இன்றைக்கு இருப்பவர்கள் பார்த்தால் பைத்தியம் என்பார்கள். முதலில் முழுக் கடதாசியையும் சத்தமாக வாசிக்க வேண்டும். பிறகு பென்சிலால்தான் எழுத வேண்டும். இரண்டு ஆங்கிலச் சொல் போட்டி போட்டால் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டையும் எழுதிவிட்டுக் கடைசிவரை போய்த் திரும்பி வர வேண்டும். திரும்பி வந்து, "இந்தச் சொல்லப் போட்டா ஆருக்குக் கோவம் வரும்?" என்று கேட்டுப் பார்க்க வேண்டும். எல்லாம் முடிந்தபின், கையெழுத்துப் போடுகிறவரை எதிரில் உட்காரவைத்து, ஆங்கிலத்தில் எழுதியதை அவருடைய பாஷையில் திரும்பச் சொல்ல வேண்டும். அவர் தலையாட்டிய பிறகுதான் முத்திரை. இந்தக் கடைசி வேலையை எந்தச் சட்டமும் எங்களுக்குச் சொல்லவில்லை. சேர் சொன்னார், நாங்கள் செய்தோம்.

என் பிழையை அவர் ஒரு நாளும் பிழை என்று சொன்னதில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைப்பார். "இது நல்ல சொல்தான் மகள். ஆனா இது வேற ஆளுட சொல்" என்பார். அதைக் கேட்பதற்கு இரண்டு அடி வாங்கியிருக்கலாம் என்று எனக்கு அப்போது தோன்றும்.

ஒரு முறை ஒரு தகப்பன் தன் மகளுக்கு வரன் பேசும் கடிதத்தை எடுத்து வந்தார். மாப்பிள்ளை வீடு அவுஸ்திரேலியாவில், பையனுக்குத் தமிழ் வாசிக்க வராது. பெண் ஒல்லியான உடல்வாகு என்று எழுதியிருந்தார். நான் ‘தின்’ என்று எழுதினேன். சேர் கண்ணாடியைக் கழற்றினார். "புள்ளைக்கு என்ன வருத்தம்?" என்றார். தகப்பன் பதறி, "அல்லாஹ்வே, ஒரு நோய் வருத்தமும் இல்ல சேர்" என்றார். ‘தின்’ என்றால் பார்க்கிறவர் கவலைப்படுவார், ‘ஸ்கின்னி’ என்றால் சிரிப்பார், ‘ஸ்லிம்’ என்றால்தான் மாப்பிள்ளை வருவான் என்று அன்றைக்குப் படித்தேன். மாப்பிள்ளை வரவும் செய்தான். கல்யாண வீட்டில் பெண்ணைப் பார்த்தால் அவள் மூன்றில் ஒன்றாகவும் இல்லை. நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளை, தகப்பன் ஆசைக்கு எழுதியிருக்கிறார்.

இன்னொருவர், மனைவி தன்னை விட்டுவிட்டுப் போய்விட்டாள் என்று விவாகரத்துக்குக் கடதாசி கொண்டுவந்தார். ‘லெஃப்ட்’ போடுவதா ‘அபாண்டன்ட்’ போடுவதா என்று எனக்குச் சந்தேகம். சேர் அவரிடம் மெதுவாகக் கேட்டார்: "போகக்குள்ள புள்ளைகளக் கூட்டிக்கிட்டுத்தானே போன?" ஆமாம் என்றார் அவர். "பால் மாடு?" அதையும்தான் என்றார். "அப்ப அவ ஒண்டையும் கைவிடல்ல தம்பி. உங்கள விட்டுட்டுப் போயீக்கிறா, அவ்வளவுதான்" என்று சொல்லி ‘லெஃப்ட்’ என்று எழுதினார். அந்த மனிதர் கோபித்துக்கொண்டு வேறு கந்தோருக்குப் போனார். கட்டிடத்தில் கீழே துணிக்கடையில் வேலை செய்கிறவர்கள்வரை அன்றைக்குச் சிரித்தார்கள்.

சிரிக்க முடியாதவையும் வந்தன. ஓய்வுபெற்ற தபால் அதிபர் ஒருவர், வெளிநாட்டு மகனிடம் போய்ச் சேர்வதற்காக, தான் தனியாக இருப்பதாகச் சத்தியக் கடதாசி முடிக்க வந்தார். ‘அலோன்’ என்றால் வீட்டில் வேறு ஆள் இல்லை. ‘லோன்லி’ என்றால் உள்ளே இருக்கிற நோவு. நான் இரண்டையும் பென்சிலால் எழுதி வைத்தேன். சேர் பார்த்துவிட்டு, "கவுண்மெந்துக்கு முதலாவது போதும் மகள். ரெண்டாவத மகனுக்கு போன்ல சொல்லச் சொல்லுங்க" என்றார். அந்தப் பெரியவர் எங்கள் போனிலேயே மகனை அழைத்தார். மகன் எடுத்ததும் அழுதுவிட்டார். நானும் சேரும் கீழே போய்ப் படிக்கட்டில் நின்றுகொண்டோம்.

இனி காமாட்சி. இந்தக் கட்டுரையே அவளுக்காகத்தான்.

அது நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன்பு. சேருக்கு வயதாகிவிட்டது, ஆனாலும் தினமும் வந்துகொண்டிருந்தார். தலதா மாளிகையின் யானை ஊர்வலம் போகிற பெரஹரா நாட்கள். மத்தியானத்துக்கு மேல் வீதிகளை மூடிவிடுவார்கள் என்பதால் டவுன் முழுக்க அவசரம். அந்த நெரிசலில் பன்வில பஸ்ஸில் வந்து இறங்கி, ஆள் ஆளாக வழி கேட்டு, ஒரு பெண் எங்கள் மாடிக்கு ஏறி வந்தாள். தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவள். நல்ல சேலை, கையில் குடை, தோளில் ஒரு துணிப் பை. பையில் இருந்து வசம்பும் சுக்கும் கலந்த ஒரு வாசனை வந்தது.

"இங்கிலிஷ்ல எழுதிக் குடுக்கறது இங்கதானுங்களா?" என்றாள்.

காமாட்சியின் மகள் ரேணுகா இங்கிலாந்தில் தாதியாக வேலை செய்தாள். அவளுக்குத் தலைப்பிரசவம். மாமியார் இல்லாத வீடு. புருஷனும் ஷிஃப்ட் வேலைக்காரன். தலைப்பிள்ளைக்குத் தாய் பக்கத்தில் இருப்பதுதான் நம் வழக்கம். அதைப் பற்றி யாரும் யோசிப்பதுகூட இல்லை. மகள் பணம் அனுப்பி, ஏஜென்ட் ஒருவர் மூலம் வீசாவுக்கு விண்ணப்பித்தாள். உறவு என்ற இடத்தில் ‘மதர்’ என்று நிரப்பினார்கள். வேறு எதை நிரப்புவார்கள்? ஆனால் ரேணுகாவின் பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயர் பார்வதி. வீசா அலுவலகம் மறுத்துவிட்டது. அவர்கள் கையில் இருந்த இரண்டு கடதாசிகள் ஒத்துப்போகவில்லை, அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மறுப்புக் கடதாசியை வாசித்துச் சொல்லச் சொன்னாள். அதில் ‘ஃபால்ஸ்’ என்றிருந்தது. எப்படிச் சொல்வது என்று நான் தடுமாறினேன்.

"பொய்யின்னா எழுதியிருக்காங்க?" என்று அவளே கேட்டாள்.

"பொய்யின்னு இல்லக்கா. சொன்னது ஒத்துப்போகலன்னு."

"பொய்யின்னுதான் எழுதியிருக்காங்க. ஒங்க மொகத்துலயே தெரியுதே" என்றாள். குரலில் கோபம் இல்லை. பையை மடியில் வைத்து அணைத்துக்கொண்டாள். "பிரசவ மருந்துக்குச் சரக்கெல்லாம் இடிச்சு வச்சிட்டேன் மிஸ். நாளானா வாசம் போயிரும்."

விஷயத்தைக் கேட்டேன். பார்வதி அவளுடைய அக்கா. பிள்ளையைப் பெற்றுச் சில நாட்களில் இறந்துவிட்டாள். பிள்ளையின் தகப்பன் கொழும்புக்கு வேலைக்குப் போனவன், திரும்பி வரவில்லை. காமாட்சி அப்போது கல்யாணமாகாத பெண். பிள்ளையை அவள்தான் எடுத்துக்கொண்டாள். நீதிமன்றத்துக்குப் போய்த் தத்தெடுத்தாளா என்று கேட்டேன்.

"எங்க அக்கா புள்ளைய நான் எடுக்கறதுக்குக் கோர்ட்டு எதுக்குங்க?" என்றாள்.

அவள் கேட்டதில் பிழையில்லை. இந்த ஊரில் தாயின் தங்கையும் தாய்தான். தாய் போனால் அவள் அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்கிறாள், அதற்குக் கடதாசி முடிப்பது கிடையாது. எனக்கும் உங்களுக்கும் இது விளங்கும். ஆங்கிலத்துக்கு விளங்கவைக்க வேண்டும், அதுவும் ஒரே ஒரு சொல்லில், ஒரு சிறிய கட்டத்துக்குள். இன்னொரு தடவை பிழைத்தால் நீண்ட காலத்துக்கு விண்ணப்பிக்கவே விடமாட்டார்கள் என்று ஏஜென்ட் பயமுறுத்தி அனுப்பியிருந்தான். பிள்ளை பிறக்கும் நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது.

நான் பென்சிலை எடுத்தேன். ‘அடொப்டிவ் மதர்’ என்று போட முடியாது. அது நீதிபதி கொடுக்கிற சொல், அவளிடம் நீதிமன்றக் கட்டளை இல்லை. ‘ஸ்டெப் மதர்’ என்றால் தகப்பனின் இரண்டாம் மனைவி என்று விளக்கினேன்.

"சீ!" என்றாள் காமாட்சி. "அந்தாளுக்கா? வாயக் கழுவுங்க மிஸ்."

‘ஃபொஸ்டர் மதர்’ என்று ஒன்று இருக்கிறது என்றேன். வேறொருவர் பிள்ளையைக் கொஞ்சக் காலத்துக்கு வைத்திருந்து வளர்க்கிறவள். அந்த நாட்டில் அரசாங்கம் அப்படிப் பிள்ளைகளைக் கொடுக்கும், செலவுக்கும் கொடுக்கும்.

"கொஞ்சக் காலத்துக்குன்னா, அப்பறம்?"

"திருப்பிக் குடுத்துடணும்."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் அந்தச் சொல்லை உடனே அழித்துவிட்டேன். ‘கார்டியன்’ என்றால் பொறுப்பாளர் என்றேன். பள்ளிக்கூட ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டது உண்மைதான் என்று ஒத்துக்கொண்டாள். ஆனால் அதற்கும் நீதிமன்றக் கடதாசி கேட்பார்கள். மிஞ்சியது ஒரே ஒரு சொல்தான். ‘ஆன்ட்’. இரத்தத்துக்கும் சான்றிதழுக்கும் ஒத்துப்போகிற, யாரும் கேள்வி கேட்க முடியாத சொல்.

"அப்பிடின்னா?"

"அம்மாவோட தங்கச்சி. இங்கிலிஷ்ல அத்தை, மாமி, சித்தி எல்லாருக்கும் ஒரே பேருதான்க்கா. ஆன்ட்டி."

"எங்க தோட்டத்து லயத்துப் புள்ளைங்க டீச்சர ஆன்ட்டின்னு கூப்புடும்" என்றாள் காமாட்சி. பையைத் தோளில் மாட்டினாள். பிறகு குடையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "அப்ப நான் போகல மிஸ். நான் ஆன்ட்டின்னு கையெழுத்து வச்சா, அப்பறம் அந்தப் புள்ளைக்கு அம்மா யாரு? அனாதைன்னுல்ல ஆயிரும். நீங்க செரமப்படாதீங்க."

எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. ஒரு சொல்லுக்காக மகளின் பிரசவத்தை விடுகிறாளே என்று ஒரு பக்கம். அந்தச் சொல்லை நானாக இருந்தாலும் எழுதிக் கொடுத்திருக்க மாட்டேன் என்று மறுபக்கம். எனக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால்தானோ என்னவோ, அவள் படியை நோக்கி நடந்தபோது எனக்கு அவ்வளவு நொந்தது.

சேர் அதுவரை ஒரு காணி உறுதிக் கடதாசியில் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். நிமிராமலே, "தங்கச்சி, ரோட்ட மூடப் போறாங்க. இப்ப எறங்கினா சனத்துக்குள்ள மாட்டிக்குவீங்க. இரிந்து ஒரு பிளேன்டீ குடிச்சிட்டுப் போங்க" என்றார்.

மறுக்க முடியாத மாதிரிச் சொல்லுவார். காமாட்சி வந்து உட்கார்ந்தாள். தேநீர் வந்தது. கருப்பட்டியை அவர் தன் கையாலேயே உடைத்து அவள் தட்டில் வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மகள், அவ ஆரென்டு எழுத ஏலாட்டி உடுங்க. அவ என்ன செஞ்ச என்டு எழுதுங்க. கட்டத்துக்குள்ள ஆன்ட் என்டு ஈக்கட்டும். கீழ ஒரு சத்தியக் கடதாசி வைப்போம். அதுல ஒரு பேரும் வேணாம், செஞ்சது மட்டும்."

கட்டத்துக்குள் ‘ஆன்ட்’ இருக்கும் என்றதும் காமாட்சியின் முகம் மறுபடி இறுகியது. ஆனால் செய்ததைச் சொல்லுங்கள் என்று நான் கேட்டபோது, தேநீரை வைத்துவிட்டுச் சொல்லத் தொடங்கினாள். அவசரப்படாமல், கொழுந்து நிறுத்துக் கொடுக்கிறவளைப் போல, ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"ராவுல பசிச்சு அழுவும். டின் பால் வாங்கக் கதியில்லாத நாள்ல கஞ்சித் தண்ணிய வடிச்சுத் துணியில நனச்சுக் குடுப்பேன். வேலைக்குப் போறப்ப புள்ளக் காம்பராவுல விட்டுட்டுப் போவேன். அங்க புள்ளைங்களப் பாத்துக்கற ஆயாம்மா, ‘யார் புள்ள’ன்னு கேட்டா, ‘எம் புள்ள’ம்பேன். என்னையப் பொண்ணு கேட்டு ஒருத்தன் வந்தான். புள்ளைய எங்கயாச்சும் விட்டுட்டு வான்னான். அவனையே விட்டுட்டேன். அம்மை போட்டப்ப வேப்பெலையில படுக்க வச்சுக்கிட்டு நானும் பக்கத்துலயே படுத்தேன். எனக்கும் போட்டுச்சு. வத்தேகமவுல இங்கிலிஷ் கிளாஸ் முடியற வரைக்கும் ரோட்டுல குடையோட நிப்பேன். இதெல்லாமா எழுதுவாங்க மிஸ்?"

"எழுதுவோம்க்கா."

எழுதுவது அவ்வளவு லேசாக இல்லை. வளர்த்தேன் என்கிறாள். ‘ரியர்’ என்று எழுதினால் ஆடு மாட்டின் வாசனை அடிக்கிறது. ‘ரெய்ஸ்’ தப்பில்லை, ஆனால் அது எதையும் உயரத் தூக்குகிற சொல், செடிக்கும் வரும், கொடிக்கும் வரும். ‘ப்ரிங் அப்’ என்றால் ஒரு பிள்ளையைக் கூடவே நடத்தி, பழக்கவழக்கம் சொல்லிக் கொடுத்து, ஆளாக்கிக் கொண்டுவருவது. அதைப் போட்டேன். பார்த்துக்கொண்டேன் என்பதற்கு ‘லுக் ஆஃப்டர்’ போட்டால் பக்கத்து வீட்டுக்காரியும் ஒரு மத்தியானம் செய்துவிடலாம். நோயில் பார்த்ததற்கு ‘நர்ஸ்ட்’ என்று எழுதினேன். மகளின் தொழிலும் அதே பெயர் என்று சொன்னபோது காமாட்சி முதல் தடவையாகச் சிரித்தாள். ரோட்டில் நின்றதற்கு ‘வெய்ட்டட்’. அந்தச் சொல்லுக்கு மட்டும் போட்டி இல்லை.

கடைசியில் சேர் ஒரு வரி சேர்க்கச் சொன்னார். ரேணுகா பேசப் பழகிய நாள் முதல் என்னை ‘அம்மா’ என்று அழைக்கிறாள், முன்பு ‘மதர்’ என்று நிரப்பியது அதனால்தான் என்று ஒரு வரி. அந்த ‘அம்மா’வை மொழிபெயர்க்காமல் ஆங்கில எழுத்தில் அப்படியே வைத்தோம்.

பிறகு வழக்கம் போல எதிரில் உட்காரவைத்துத் திரும்பச் சொல்லத் தொடங்கினேன். ஆங்கில வரியை விரலால் தொட்டுக்கொண்டு தமிழில் சொன்னேன். "ரேணுகாவின் தாய் பார்வதி. பார்வதி என் மூத்த சகோதரி. அவர் இறந்த பின்பு…"

"நில்லுங்க மிஸ்" என்றாள் காமாட்சி. "அத மறுக்கா வாசிங்க."

"ரேணுகாவின் தாய் பார்வதி."

"இன்னொருக்கா."

வாசித்தேன். சண்டைக்கு வரப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் அந்த வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஓர் எழுத்தும் விளங்காவிட்டாலும் பார்த்தாள்.

"எங்க அக்காவ யாரும் அப்பிடிச் சொல்லிக் கேட்டதேயில்ல மிஸ்" என்றாள். "புள்ளைக்குப் பேச்சு வந்தப்ப என்னையத்தான் அம்மான்னுச்சு. நானும் வேணாங்கல. ஆசையா இருந்துச்சு. அப்பறம் சாமிப் படத்துக்குப் பக்கத்துல இருக்கற அக்கா படத்தக் காட்டி, இது யாருன்னு கேட்டுச்சு. என்னத்தச் சொல்ல? நான் அம்மாவாயிட்டா என் அக்கா அவளுக்கு யாரு? பெரியம்மா, கும்புட்டுக்கன்னேன். இன்னிக்கும் அது பெரியம்மான்னுதான் வெளக்கேத்துது. பெத்தவ மிஸ் அவ. புள்ள மொகத்த ஒழுங்காக்கூடப் பாக்கல. அவள நான் பெரியம்மாவாக்கிப்புட்டேன்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது, மறைக்கவில்லை. சேர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நான் ஆன்ட்டியாவே இருந்துட்டுப் போறேன். போடுங்க" என்றாள் காமாட்சி. "எனக்கு என்ன கொறஞ்சு போச்சு? வருசம் பூராவும் நான்தான அம்மா. இந்தக் காயிதத்துலயாச்சும் எங்க அக்கா அம்மாவா இருக்கட்டும்."

பேனாவை வாங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு, கையெழுத்து வைத்தாள். அன்றைக்கு ரோட்டை மூடிவிட்டார்கள். பெரஹரா போகும்வரை எங்கள் ஜன்னலில் நின்று மூன்று பேரும் யானை பார்த்தோம். யானைக்குப் போர்த்தியிருந்த துணியைக் காட்டி, அக்குறணையில் இதை விட நல்லது இருக்கிறது என்று சேர் சொல்லிக்கொண்டிருந்தார்.

வீசா வந்தது. பிள்ளை பிறக்க முன்பே வந்தது. போகும் முன் காமாட்சி என்னிடம் வந்து, விமான நிலையத்தில் என்ன கேட்பார்கள், என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டாள். யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று கேட்டால் அக்கா மகளை என்று சொல்லுங்கள், நீங்கள் யார் என்றால் ஆன்ட்டி என்று சொல்லுங்கள், அதுவும் உண்மைதான், பயப்பட வேண்டாம் என்றேன். படிக்கட்டில் இறங்கும்போதும் அவள் ஆன்ட்டி, ஆன்ட்டி என்று முணுமுணுத்துக்கொண்டு போனது கேட்டது.

சில கிழமைகள் கழித்து ரேணுகா வீடியோவில் பேசினாள். மடியில் பெண் குழந்தை. பின்னால் அடுப்படியில் காமாட்சி மருந்து கிண்டிக்கொண்டிருந்தாள். ஏர்போர்ட்டில் நடந்ததைச் சொல்லத் தொடங்கிய ரேணுகாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, பிறகு அது அழுகையாகிவிட்டது.

கதவு திறந்து தள்ளுவண்டியோடு காமாட்சி வெளியே வந்ததும், ரேணுகா வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடி, "அம்மா!" என்று கத்தியிருக்கிறாள். காமாட்சி கட்டிப்பிடிக்கவில்லை. திரும்பித் திரும்பி அதிகாரிகளைப் பார்த்திருக்கிறாள். "ஸ்… சத்தம் போடாத புள்ள. ஆன்ட்டின்னு கூப்புடு. கேட்டாங்கன்னா பிடிச்சுத் திருப்பி அனுப்பிப்புடுவாங்க" என்றிருக்கிறாள். ரேணுகா எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. வாடகைக் காரில் டிரைவர் இருக்கிறான் என்று வாயில் விரலை வைத்தாள். வாசலில் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி நின்று கை காட்டினாள் என்று மறுபடியும் விரலை வைத்தாள். ஆகவே வழி முழுக்க மகள் அவளை ஆன்ட்டி, ஆன்ட்டி என்றே கூப்பிட்டுக்கொண்டு வந்தாளாம்.

வீட்டுக்குள் வந்து, கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் விழுந்ததைக் கையால் இழுத்துப் பார்த்த பிறகுதான் காமாட்சி பையைக் கீழே வைத்தாள்.

"ம். இப்ப கூப்புடு" என்றாளாம்.